உள்ளே இருக்கிறவர்

மாயம்மாளைப் பார்க்கவேண்டும் என்றால், எந்த மாயம்மாளை என்று முதலில் முடிவு செய்துகொண்டு கிளம்ப வேண்டும். காலையில் என்றால் பச்சைக் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, கொச்சங்காடித் தெருக்களில் வீடு வீடாகப் பிளாஸ்டிக் வாங்கிச் சாக்கில் போடுகிற ஹரித கர்ம சேனைக்காரி. மதியம் போர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில் விருந்தாளிகள் கசக்கிப் போட்டுப்போன படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வாயனசாலை மாடியில் நாடக ஒத்திகை. பகலெல்லாம் பத்திரிகை படிக்கிறவர்கள் உட்காரும் அதே இடம்தான். நடுவில் சினிமாக்காரர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு மட்டாஞ்சேரிப் பழைய தெருக்களுக்கு வந்துவிட்டால் அதற்கும் ஓட வேண்டும். ஒரு மனுஷிக்கு இத்தனை வேஷம் எதற்கு என்று கேட்டால், "வீட்ல சும்மா இருந்தா மட்டும் வேஷம் இல்லியா?" என்பாள். அவளோடு பேசி யாரும் ஜெயித்ததில்லை.

சினிமாவில் அவளுக்கு எப்போதும் ஒரே வேஷம்தான்: தலையில் கூடையோடு தெருவைக் கடக்கிற தமிழ்க்காரி. தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கச் சொன்னால் மலையாளம்தான் வரும். ஆனாலும் அவளைப் பார்த்தவுடன் கூடையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வசனம் கிடையாது, பெரும்பாலும் முகமும் கிடையாது. கொட்டகையில் அவள் புருஷன் முத்துவேல், "தோ, தோ, நம்ம முதுகு போகுது" என்று பக்கத்து சீட்டுக்காரனை இடித்துக் காட்டுவான்.

நாடகத்தில் அப்படி இல்லை. அங்கே முகம் உண்டு, வாய் உண்டு. நாடகத்தை நடத்துகிற சுஜித் பகலில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனிடம் எப்போதும் ஆள் பஞ்சம், அதனால் மேடையில் வேலை இல்லாத நேரத்தில் மாயம்மாள்தான் திரைக்குப் பின்னால் நின்று குழந்தை அழுகை, போலீஸ் விசில், கிழவன் இருமல் எல்லாம் கொடுப்பாள். மற்றதெல்லாம் சுமார். அந்தக் கிழவன் இருமல் இருக்கிறதே, அப்பாடா, கேட்கிறவனுக்கு நெஞ்சு வலிக்கும்.

அந்த வருஷத்து நாடகம் ஒரு சிடுமூஞ்சி வீட்டுக்காரியைப் பற்றியது. கரண்ட் ரீடிங் எடுக்கிறவன், நன்கொடை கேட்கிறவர்கள், வாசலுக்கு வருகிற எல்லோரையும் ஏதாவது சாக்குச் சொல்லி விரட்டுவதுதான் அவள் தொழில். மாயம்மாளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேஷம் அது. ஒத்திகை ஒரு வாரம் ஓடியும் யாரும் சிரிக்கவில்லை. "என்னமோ குறையுது சேச்சி. நீங்க திட்டறீங்க, அவ்வளவுதான்" என்று சுஜித் தலையைச் சொறிந்தான். அவளுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. இவ்வளவு நாள் முதுகாக நடந்து, கடைசியில் முகம் கிடைத்தபோது அதுவும் பிரயோஜனம் இல்லையா என்று இருந்தது.

மறுநாள் காலை பிளாஸ்டிக் வாங்க சுபாஷிணி மாமி வீட்டுக்கு ஏறினாள். கீழே பூட்டிக்கிடக்கிற பழைய இஞ்சிக் கிடங்கு, மேலே மாமியின் சொந்த வீடு. மணி அடித்தால் மாமி முதலில் உள்பக்கம் திரும்பி, "ஏன்னா, கேட்டேளா? மாயம்மா வந்திருக்கா!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். கேஸ்காரன் வந்தாலும் அப்படித்தான், கூரியர்காரன் வந்தாலும் அப்படித்தான். உள்ளே இருக்கிறவர் கல்யாணராமன் சார். படுத்த படுக்கை, யாரும் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

அவர் உள்ளே இல்லை என்பது மாயம்மாளுக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. பிளாஸ்டிக் வாங்குகிறவளுக்கு ஒரு வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வியாதி என்பதெல்லாம் சாக்கிலேயே தெரிந்துவிடும். முன்பு இந்த வீட்டிலிருந்து மாத்திரை அட்டைகள் கத்தையாக வரும், இருமல் மருந்துக் குப்பி வரும், கட்டிலில் விரிக்கிற ரப்பர் ஷீட்டின் உறை வரும். எல்லாவற்றையும் மாமி கழுவிக் காயவைத்துக் கொடுப்பாள். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் சாரை பெங்களூரில் மகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மாமி திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை, ராத்திரி காரில் ரெண்டு பேரும் வந்துவிட்டதாகச் சொன்னாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. ஆனால் சாக்கில் விழுந்தது ஒரே ஒரு பிரஷர் மாத்திரை அட்டையும் சின்னப் பால் கவர்களும்.

மாயம்மாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பழைய வீடுகள் கை மாறிவிட்டன. தனியாக இருக்கிற வயசானவள் என்று தெரிந்தால் வாங்க வருகிறவனும் வருவான், வரக்கூடாதவனும் வருவான். "வீட்டைக் கொடுக்கிறேளா?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் மாமியிடம் ஒரே பதில்: "அவரைக் கேட்டுத்தான் சொல்லணும்." அதனால் மாயம்மாளும் மாசாமாசம், "சாருக்கு சுகந்தானே மாமி?" என்று உள்ளே கேட்கும்படியாகக் கேட்பாள். "இருக்கார்" என்பாள் மாமி. அதற்கு மேல் இருவரும் அதைப் பேசியதே இல்லை.

அன்று படியிறங்கும்போது அந்த "ஏன்னா, கேட்டேளா?" காதிலேயே நின்றது. சாயங்காலம் ஒத்திகையில், நன்கொடைக்காரர்கள் வந்து நிற்கும் இடத்தில், மாயம்மாள் சட்டென்று காலி அறையைப் பார்த்துத் திரும்பி, "ஏன்னா, கேட்டேளா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி தலையைச் சாய்த்தாள். "அவருக்கு இஷ்டமில்லையாம்" என்று முகத்தைச் சுளித்தாள். சுஜித் தரையில் உட்கார்ந்து சிரித்தான். உள்ளே புருஷனே கிடையாது என்பது கடைசிக் காட்சியில் தெரிய வேண்டும் என்று அவனே சேர்த்தும் விட்டான். வைப்பினில் முதல் தடவை போட்டபோது ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

வைப்பின் என்றால் அக்கரை, போட்டில் போய் வருகிற இடம். அங்கே மாமியை யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த வருஷத்து நாடகப் போட்டி மட்டாஞ்சேரியிலேயே, நம் மைதானத்திலேயே என்று தெரிந்ததும் மாயம்மாள் சுஜித்தைத் தேடி ஓடினாள்.

"சுஜித்தே, அந்த ஏன்னா வேண்டாம். எடுத்துரு."

"சேச்சிக்கு வட்டா, பைத்தியமா? நாடகமே அதுலதான் நிக்குது!"

"ஒருத்தருக்கு தோஷமாகும். ஏதுன்னு கேக்கண்டா. அது இருந்தா நான் மேடை ஏறமாட்டேன்."

அவன் முனகிக்கொண்டே எடுத்தான். கடைசிக் காட்சியையும் மாற்றினான். மாயம்மாள் நிம்மதியாகத்தான் மேடை ஏறினாள்.

மைதானம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் ஜட்ஜுகள். முதல் காட்சியில் ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாவதில் யாரோ கொட்டாவி விட்டது மேடை வரை கேட்டது. நன்கொடைக்காரர்கள் வந்து நின்றார்கள். மாயம்மாள் சொல்ல வேண்டிய வசனம் வேறு, அது நாக்கில் தயாராகவும் இருந்தது. ஆனால் அந்த மௌனம் இருக்கிறதே, அதை மேடையில் நின்றவளுக்குத்தான் தெரியும். கழுத்து தானாகத் திரும்பியது. "ஏன்னா, கேட்டேளா?"

மைதானம் குலுங்கியது. அப்புறம் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. மாற்றின கடைசிக் காட்சியை விட்டுவிட்டு, உள்ளே ஆளே இல்லை என்பது வரைக்கும் கொண்டுபோய் முடித்தாள். சிறந்த நடிகைக் கோப்பை அவளுக்குத்தான். முத்துவேல் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

அடுத்த வாரம் மாமி தெருவுக்கு முறை. முனைச் சாயாக்கடையில் அழகர் நின்றிருந்தான். பழைய வீடுகளைப் பேசி ஹோட்டல்காரர்களுக்கு வாங்கிக் கொடுக்கிற புரோக்கர்.

"எந்தா மாயம்மா, கலக்கிட்டியே! ஒரு சம்சயம். அந்த ஏன்னா நம்ம மாடி வீட்டு மாமிதானே? அப்ப உள்ள ஆளே இல்லியா?"

"அது நாடகம் அழகரண்ணா!"

"எனக்கும் அதான் சம்சயம், இங்க நடக்கிறதும் நாடகமோன்னு. அவரைக் கேட்டுச் சொல்றேன், அவரைக் கேட்டுச் சொல்றேன்னு எத்தன நாளா என்னை நடக்க வைக்கறா. இன்னைக்குப் பாத்துர்றேன்." வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறினான். மாயம்மாள் சாக்கோடு பின்னாலேயே ஓடினாள்.

மாமி கதவைப் பாதி திறந்து பிடித்திருந்தாள். அழகர் சிரித்துக்கொண்டே, "சாரை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன் மாமி. ரெண்டே வார்த்தை" என்றான். மாமி உள்ளே திரும்பினாள். "ஏன்னா" என்றாள். மீதி வரவில்லை. அவள் பார்வை அழகரைத் தாண்டி மாயம்மாள் மேல் விழுந்தது. அதில் கோபம்கூட இல்லை.

"மாமி, பால்கவர் அடுக்களைலதானே? நானே எடுத்துக்கறேன்" என்று மாயம்மாள் இருவருக்கும் நடுவில் புகுந்து உள்ளே போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த வாசலைத் தாண்டியதில்லை. அடுக்களைக்குப் பக்கத்தில் ஒரு அறை. விரித்த கட்டில், மடித்த வேஷ்டி, அதன்மேல் ஒரு மூக்குக் கண்ணாடி.

இருமினாள். அடிவயிற்றிலிருந்து, சளியோடு, மூச்சுத் திணறி, படுத்தே கிடக்கிற ஒரு மனுஷனின் இருமல். கட்டிலை ஒரு தள்ளுத் தள்ளினாள், அது கிறீச்சிட்டது. பிறகு தன் குரலில், "அய்யோ சார், எழும்பண்டா! கிடந்துக்குங்க. நான் சொல்லிர்றேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

"ராத்திரி முழுக்க உறக்கமில்லையாம். சுகமில்லாத மனுஷன் வீட்டு வாசல்ல வந்து கலாட்டா பண்றியே, வெட்கமா இல்ல?"

அழகர் உள் அறைப் பக்கம் பார்த்தான். மடித்துக் கட்டியிருந்த வேஷ்டியை, பெரியவர்கள் முன்னால் செய்வதுபோல, தன்னையறியாமல் அவிழ்த்துக் கீழே விட்டான். "ஞான் அப்புறம் வரேன் மாமி. சாரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று சத்தமில்லாமல் படியிறங்கினான்.

கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை மாமி அசையவில்லை.

"நாடகத்துல நன்னாப் பண்ணினியாம். எல்லாரும் வந்து சொன்னா."

"மாமி, மன்னிச்சிருங்க. என் வாய்…"

"பேசாதே." மாமி உள்ளே போனாள். கழுவிக் காயவைத்த பால் கவர்களைக் கொண்டுவந்து சாக்கில் போட்டாள். கதவைச் சாத்தப் போனவள், பாதியில் நிறுத்தினாள்.

"அவர் இருமி முடிச்சா, மெதுவா 'நாராயணா'ன்னு ஒரு தடவை சொல்லுவார். நீ சொல்லலை."

மாயம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மாமியின் கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் கறாராக இருந்தது.

"அடுத்த தடவை சொல்லு."

"சொல்றேன் மாமி" என்று மாயம்மாள் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.