அப்பா பெயரில் ஒரு பாக்டீரியா

இந்தப் பூமியில் என் அப்பாவின் பெயரைத் தாங்கி நிற்கும் உயிர்கள் மூன்று: அக்கா, நான், ஒரு பாக்டீரியா. மூவரில் உலகப் புகழ் பாக்டீரியாவுக்குத்தான்.

அதைக் கண்டுபிடித்தவர் அக்கா. புஞ்சாக் ஆலாம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் கோலசிலாங்கூர் செம்பனை எண்ணெய் ஆலைகளின் கழிவுக் குளங்களிலிருந்து நாற்றச் சேற்றை அள்ளிவந்து, அதில் எண்ணெய் தின்று வாழ்ந்த பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தார். கட்டுரையில் மேலதிகாரியின் பெயர் முதலில் வந்தது. அக்காவுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி நன்றி.

தான் கண்டதற்குத் தன் பெயரையே வைத்துக்கொள்வது அந்தத் துறையில் மரியாதை இல்லையாம். பிறர்தான் சூட்ட வேண்டும். ஆகவே கவனிக்கப்படாத பெண் விஞ்ஞானிகள், யாராவது கவனிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். அக்கா ஓய்வு பெறும்வரை காத்திருந்தார். பிறகு ஐரோப்பாவில் ஒரு பெண் ஆய்வாளர் அது புதிய இனம் என்று நிறுவினார். அந்த நன்றி வரியைத் தோண்டியெடுத்து, அக்காவின் பெயரையே அதற்குச் சூட்ட நினைத்தார். நல்ல மனம். தம் ஊர் வழக்கப்படி, பெயரின் கடைசிச் சொல்லை எடுத்துக்கொண்டார்.

நம் அடையாள அட்டையில் கடைசிச் சொல் அப்பா.

அறிவிப்பு வெளியான பிறகுதான் அக்காவுக்கே தெரிந்தது. முறைப்படி வெளியான பெயரை மாற்ற வழியில்லை என்று அந்த ஆய்வாளர் மன்னிப்புக் கேட்டு எழுதினார்.

அப்பா எஸ்டேட்டில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். அக்காவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, "பொட்டப்புள்ள படிச்சு யாரு பேரக் காப்பாத்தப் போவுது?" என்று கேட்டவர். பதில் கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

இந்த ஆண்டு அவருடைய திதிக்குப் பத்தாங் காலியில் சித்தப்பா வீட்டில் கூடினோம். சித்தப்பா பாக்டீரியாவின் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அப்பா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து, குங்குமமும் வைத்திருந்தார்.

"அண்ணன் பேரு சயின்ஸ்ல ஏறிடுச்சு லா!"

"சித்தப்பா, அது நான் கண்டுபிடிச்சது," என்றார் அக்கா.

"யாரு இல்லேன்னா? ஒம் பேர வெச்சுக்காம அப்பா பேர வெச்ச பாரு, அதாம்மா பொண்ணு!"

கற்பூரத் தட்டு, ஆண்பிள்ளை என்ற ஒரே தகுதியால், என் கைக்கு வந்தது. அப்பாவுக்குக் காட்டினேன்.

"அதுக்கும் காட்டுடா," என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "வளத்தவ நானு."