மன்னிப்புக் கடிதத்தில் மூன்று எரிமலைகள்

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை செய்து வரும்படி எனக்குச் சொன்னார்கள். எங்கள் பள்ளியில் எரிமலை என்றால் ஒன்றே ஒன்றுதான். களிமண் கூம்பு, உள்ளே சோடா மாவு, மேலே வினிகர். சிவப்பு நுரை பொங்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். பாடப்புத்தகத்தில் மூன்று வகை போட்டிருந்தது. நான் மூன்றையும் செய்வதென்று முடிவு செய்தேன்.

அம்மா செவிலிமேடு பஸ் நிறுத்தத்தில் டிபன் கடை வைத்திருந்தார். அவரிடம், மூன்றில் ஒன்றான கேடய எரிமலையின் குழம்பு நீர்த்தது, ஓடிப் பரவும், அதனால் மலை தட்டையாக இருக்கும் என்று படித்துக் காட்டி, போனில் வீடியோவும் காட்டினேன்.

"இது தோசை மாவுடி. கெட்டி மாவா இருந்தா பரவாது, அங்கியே குந்திக்கும். இத நான் தெனம் பாத்துக்கினுதானே இருக்குறேன்!" என்றார் அம்மா.

பலகையில் ஓட்டை போட்டு, அடியிலிருந்து குழாய் வழியாகத் தோசை மாவை ஏற்றினேன். அகலமாகப் பரவியது. அது கேடய எரிமலை. களிமண்ணும் சாம்பலும் மாறி மாறி அடுக்கிய கூம்பைக் குறுக்கே வெட்டி வைத்தேன். அது பல்சிட்டக் கூம்பு. சின்னக் கருங்கல் ஜல்லியைப் புனல் வழியாகக் கொட்டிக் குவித்தது தழல் கூம்பு. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், கால் தேய்க்கக் கடையில் விற்கும் ஒரு நுரைக்கல்.

நடுவராக வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். என் மேசையை ஏற இறங்கப் பார்த்தார்.

"எரிமலை எங்கம்மா?"

"மூணுமே எரிமலைதான் சார்."

"இது தோசை. நெருப்பும் காணோம், நுரையும் காணோம்."

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"எரிமலையில எதுவும் எரியறதில்ல சார். பாறைதான் உருகி வருது. எரிமலைச் சாம்பல்கூட அடுப்புச் சாம்பல் மாதிரி இல்ல. பாறையும் கண்ணாடியும் நொறுங்கின தூள்."

"எனக்கே பாடம் எடுக்குறியா?"

"இந்தக் கல்லத் தண்ணியில போடுங்க சார்."

போட்டார். கல் மிதந்தது. குழம்பிலிருந்த வாயு நுரைத்து, அப்படியே இறுகியதால் கல் முழுக்கத் துளை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் "பிளாஸ்டிக்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"பிளாஸ்டிக் இல்ல சார்! திரும்பி வந்து பாருங்க!" என்று கத்தினேன். கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் திரும்பவில்லை. பரிசு சிவப்பு நுரைக்குப் போனது.

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "பெரியவங்கள எதுத்துப் பேசுவியா? நாளைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கினு வா."

அம்மாவிடம் சொன்னேன். தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"கத்தினது தப்பு. சொன்னது தப்பா?"

"இல்லம்மா."

"அப்போ கத்தினதுக்கு மட்டும் எழுது."

எழுதினேன். "நடுவரிடம் உரக்கப் பேசியதற்கு மன்னிக்கவும்" என்று ஒரே வரி. அதற்குக் கீழே இரண்டு பக்கம் எரிமலை: மூன்று வகைகள், அவை கக்கும் குழம்பு, சாம்பல், கல், நீராவி, மற்ற வாயுக்கள். கடைசியில், "இதில் பிழை இருந்தால் எந்த வரி என்று காட்டவும். அந்த வரிக்கும் மன்னிப்புக் கேட்கிறேன்."

தலைமையாசிரியை சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, விடுபட்ட ஒரு ஒற்றெழுத்தைப் போட்டார். வேறெங்கும் பேனா படவில்லை.

"திமிர்டி உனக்கு."

"ஆமா மிஸ்."

கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். வேறு எழுதி வரச் சொல்லவில்லை. நான் வகுப்புக்குப் போனேன்.