வேறொரு மலையகத்துச் சிஸ்டர்

ஈர விரிப்பு ஒன்று கொடியிலிருந்து வழுக்கிச் சேற்றில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். "அடடா, போச்சு போங்க! இம்புட்டு நேரம் தொவச்சதெல்லாம் வீணா!" என்று எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் குழாயடியில் கேட்கிற அதே தமிழ். புசல்லாவையில் இருந்து எனக்குத் தெரிந்த யாரோ வந்துவிட்டார்கள் என்றுதான் திரும்பினேன். அங்கே நின்றது, மடத்துக் குசினியில் எல்லோரும் 'சீனச் சிஸ்டர்' என்று சொல்லுகிற புதுச் சிஸ்டர். சின்னக் கண், தட்டையான மூக்கு, வெள்ளை அங்கி. சுற்றிலும் வேறு யாரும் இல்லை. எனக்கு விரிப்பை எடுக்கவும் தோன்றவில்லை. அவரே குனிந்து ஒரு முனையைப் பிடித்து, "அந்தப் பக்கம் நீங்க புடிங்கக்கா" என்றார்.

அது கண்டிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு கன்னியர் மடம். என் வீட்டுக்காரர் காலமான பிறகு, தோட்டப் பதிவில் என் பேரை வெட்டிக்கொண்டு அங்கே துணி துவைக்கப் போனேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தவள் நான். நாலு பேர் கூடினால் சுவரோடு சுவராகப் போய்விடுவேன். "இந்தப் பெண் நிக்கிறாவோ போயிட்டாவோ எண்டு கொடியில துணியைப் பாத்துத்தான் தெரியுது" என்று யாழ்ப்பாணத்து மதர் சொல்லிச் சிரிப்பார். காலமும் அப்படித்தான் இருந்தது. வடக்கில் யுத்தம். கண்டி டவுனில் சந்திக்குச் சந்தி அடையாள அட்டை பார்த்தார்கள். பஸ்ஸில் பிள்ளை தமிழில் தண்ணீர் கேட்டால்கூடத் தாய் அதன் வாயைப் பொத்துவாள். அந்த நாளில் இப்படி ஒரு முகத்திலிருந்து இப்படி ஒரு தமிழ் வந்தால் யார்தான் திகைக்காமல் இருப்பார்கள்?

எனக்குப் பேசத்தான் வெட்கம், கேட்க வெட்கமில்லை. அதுவும் ஒரே ஒரு ஆளிடம் என்றால் துருவித் துருவிக் கேட்பேன். காய்ந்த விரிப்புகளை இரண்டு பேராக மடிக்கிற வேலை தினமும் சாயந்தரம் எங்களுக்கு வாய்த்தது. அப்படி மடிக்க மடிக்கத்தான் அவருடைய கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. இந்தியாவின் கிழக்கு மூலையில், பர்மா எல்லையை ஒட்டின ஒரு சந்தை ஊர் அவருடையது. பக்கத்து வீடு தமிழர் வீடு. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு, கப்பலில் தமிழ்நாட்டுக்குப் போய், அங்கே பிழைக்க முடியாமல் திரும்ப பர்மாவுக்கே போகலாம் என்று வந்து, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே கடை போட்டுக்கொண்ட சனம். அந்தக் கடைக்கார அம்மாதான் சிஸ்டரையும் அவருடைய தம்பியையும் தோசையும் தமிழும் கொடுத்து வளர்த்தவர். என் அக்கா குடும்பத்தையும் ஒரு நாள் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள் என்பதால், அந்த அம்மாவை எனக்குப் பார்க்காமலே தெரிந்த மாதிரி இருந்தது.

சிஸ்டருடைய சனம் தங்களைச் சோமி என்று சொல்லிக்கொள்கிறது. மலையில் இருக்கிற சனம் என்று அர்த்தமாம்.

"எங்களையும் மலையகத்துச் சனம்னுதான் சொல்வாங்க" என்றேன்.

"அப்ப நீங்களும் எங்க ஆளுதானக்கா" என்று அவர் விரிப்பை உதறிவிட்டுச் சிரித்தார்.

வெள்ளைக்காரன் போட்ட எல்லைக்கோடு அந்த மலைகளின் நடுவே போகிறது. பாதிச் சனம் பர்மாவில், பாதி இந்தியாவில். ஊருக்கு ஊர் வேறு பெயர், கொஞ்சம் வேறு பேச்சு. எல்லோரையும் ஒரே பெயருக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஒரு கூட்டம் துப்பாக்கி தூக்கியிருந்தது. சிஸ்டருடைய தம்பி அதில் இருந்தான். இதை முதல்முறை சொன்னபோது சிஸ்டர் குரலைத் தாழ்த்தவே இல்லை. நான்தான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"யாரோட சண்டை சிஸ்டர்?"

"மொதல்ல எங்கள மாதிரியே இருக்கிற, எங்கள மாதிரியே பேசுற இன்னொரு கூட்டத்தோட. வீடெல்லாம் எரிஞ்சிச்சு. ஊருக்குக் காவல் நிக்கத்தான் பசங்க போனாங்க. காவலுக்குப் போனவன் வீட்டுக்கு வரல."

என் கேள்விகள் பெரிய கேள்விகள் அல்ல. காட்டில் உப்புக்கு என்ன செய்வார்கள்? மழைக்கு எங்கே ஒதுங்குவார்கள்? பூசைக்குப் போவார்களா? அந்தப் படையில் யார் துணி துவைப்பது? கடைசிக் கேள்விக்கு சிஸ்டர் சிரித்த சிரிப்பில் விரிப்பு மறுபடியும் தரையைத் தொட்டது. "அவனவன் துணிய அவனவன்தான் தொவைக்கணும்" என்றார். "அப்படின்னா எங்க வீட்டு ஆம்பளைங்களையும் ஒரு மாசம் அங்க அனுப்பணும்" என்றேன். நானா அப்படிப் பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம்.

ஆனால் அவர் வீட்டில் இருந்த கவலை சிரிக்கிற கவலை இல்லை. அவர்களிடம் பெயர் வைக்க ஒரு முறை இருக்கிறது. தாத்தாவின் பெயர் எந்த ஒலியில் முடிகிறதோ அந்த ஒலியில் பேரனின் பெயர் தொடங்கும். மூத்த மகனுக்குத் தகப்பன் வழித் தாத்தா, இரண்டாம் மகனுக்குத் தாய் வழித் தாத்தா, மூத்த மகளுக்குத் தகப்பன் வழிப் பாட்டி. இப்படி ஒரு பெயரின் வாலை அடுத்த பெயர் பிடித்துக்கொண்டு போகும். எங்கள் அப்பா பெயர் மாடசாமி. எனக்கு இரண்டாவதாக ஒரு மகன் பிறந்திருந்தால் 'மி'யில் என்ன பெயர் வைத்திருப்பேன் என்று யோசித்து யோசித்து அன்று எனக்குத் துணி மடிக்கவே ஓடவில்லை. சிஸ்டருடைய அப்பா இறந்துபோயிருந்தார். ஒரே மகன் காட்டில், கல்யாணம் இல்லாமல். ஒரே மகள் மடத்தில். காட்டில் அவனுக்கு ஏதாவது ஆனால் அப்பா பெயரைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் அவர்களுடைய அம்மா மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: நீ திரும்பி வா, கல்யாணம் செய், உன் இரண்டாவது பையனுக்காவது அந்தப் பெயர் போகட்டும்.

சாகும்வரை கன்னியாஸ்திரியாக இருப்பேன் என்று கொடுக்கும் கடைசி வார்த்தைப்பாட்டுக்கு சிஸ்டருக்கு நாள் குறித்திருந்தார்கள். அதைக் கொடுத்துவிட்டால் அம்மாவுக்கு வழி அடைபட்டுப் போகும். தம்பி படையை விட்டு வீட்டுக்கு வந்தால் இவர் நிம்மதியாக இங்கேயே இருந்துவிடலாம். "எனக்கு இந்த அங்கிய கழட்ட மனசில்லக்கா. அவன் வந்துட்டா போதும்" என்றார். நல்ல பிள்ளைகள் இரண்டு பெற்று, ஒன்றைச் சாமிக்கும் ஒன்றைத் துப்பாக்கிக்கும் கொடுத்துவிட்டு, அந்தத் தாய் யாரிடம் போய்க் கேட்பாள் என்று எனக்குத் தோன்றியது.

கடைக்கார அம்மாவின் கடையில் போன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி சில நேரம் சாதாரண உடுப்பில் அங்கே வந்துபோவான். அவனிடம் பேசவேண்டும் என்று சிஸ்டர் மதரிடம் அனுமதி வாங்கி, என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, ஒரு ஞாயிறு கண்டி மணிக்கூண்டுப் பக்கம் இருந்த ஒரு கொமினிகேஷனுக்கு, காசு கொடுத்துப் போன் பேசுகிற கடைக்குப் போனார். லைன் கிடைத்தது. ஆனால் சத்தம் தேயத் தேய வந்தது போலிருக்கிறது. சிஸ்டர் தொண்டையைத் திறந்து கடைக்கார அம்மாவிடம் கத்தத் தொடங்கினார், அதுவும் தமிழில்.

"அம்மா! தம்பி வந்தானா? காட்ட விட்டு எறங்கலியா? துப்பாக்கியக் குடுத்துட்டு வரச் சொல்லுங்கம்மா! அவங்க படைப் பெரியவரு விடமாட்டாராமா?"

பக்கத்துப் போன்களில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். நான் சிஸ்டரின் கையைப் பிடித்து இழுத்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய காடு வேறு, இங்கே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் காடு என்றால் வடக்கில் இருந்த ஒரே ஒரு காடுதான். கடை முதலாளி வெளியே போனார். திரும்பி வரும்போது இரண்டு பொலிஸ்காரர்கள் கூட வந்தார்கள். போன் பாதியில் நின்றது.

பொலிஸில் இருந்த பெரிய ஐயா சிஸ்டரின் பாஸ்போட்டைப் பார்த்தார். பிறகு என் அடையாள அட்டையை அதைவிட நீண்ட நேரம் பார்த்தார். கேள்வி எல்லாம் என்னிடம்தான் கேட்டார். சுவரோரம் ஒதுங்கத்தான் பார்த்தேன். ஆனால் நான் பேசாவிட்டால் பேச ஆளில்லை. தெரிந்த சிங்களத்தில், இவருடைய தம்பி இங்கே இல்லை மஹத்தயா, அது வேறு நாடு, வேறு மலை, வேறு சனம் என்றேன்.

"அங்கேயுமா?" என்று கேட்டார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "யாரோடு சண்டை பிடிக்கிறார்கள்?" என்றார். நான் தமிழில் கேட்டு, சிஸ்டர் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். தங்களைப் போலவே இருக்கிற, தங்களைப் போலவே பேசுகிற ஆட்களோடு என்றதும் அவர் பேனாவை மூடிவிட்டார். "சாமி கும்பிடுகிறவர்களா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் செய்துவிட்டுத்தான் ரோந்து போவார்கள் என்றேன். அந்த ஐயா சிரித்தார். அதிலிருந்து அவருக்கும் என் வியாதி தொற்றிக்கொண்டது. அந்த மலையில் தேயிலை உண்டா, என்ன சாப்பிடுவார்கள், பனி பெய்யுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மதர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது எங்களுக்குப் பிளேன்டீ வந்திருந்தது.

மதர் மடத்து வாசலில் வைத்து, "இனி டவுனுக்குப் போறேல்ல. கேக்குதே பிள்ளை? உங்களுக்குத் தம்பி ஒருத்தன். எனக்கு இந்த மடத்தில எத்தினை பேர் இருக்கினம்" என்றார். கோபத்தில் சொன்னதல்ல. பயத்தில் சொன்னது.

அடுத்த ஞாயிறு தம்பி கடைக்கு நிச்சயம் வருவான் என்று, போன் நிற்பதற்கு முன்னால் கடைக்கார அம்மா சொல்லியிருந்தாராம். "நீங்க போய்ப் பேசுங்கக்கா. அவனுக்கு என்னவிடத் தமிழ் நல்லா வரும்" என்றார் சிஸ்டர். "மதர் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு வேர்க்குது. நான் போய்த் துப்பாக்கி வச்சிருக்கிற ஆளுகிட்ட என்னத்தப் பேச?" என்றேன். அவர் கெஞ்சவில்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னார்: அவன் வருவானா மாட்டானா, அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் வார்த்தைப்பாடு கொடுப்பார்.

பேராதனைப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். துப்பாக்கி, காடு, படை என்ற சொற்களை வாயில் எடுப்பதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். அந்தப் பக்கம் போனை எடுத்தது ஒரு இளம் குரல். கண்டி மடத்திலிருந்து பேசுகிறேன் என்றேன். "அக்காகூட இருக்கிறவங்களா நீங்க?" என்றது, சுத்தமான தமிழில்.

"ஆமாங்க. அம்மாவுக்கு ஒடம்பு ஏலாதாம். ஃபெக்டரி வேலைய விட்டுட்டு வீட்டுக்கு வரச் சொல்றாங்க அக்கா."

ஃபெக்டரி என்றால் எது என்று அவன் விளங்கிக்கொண்டான். "எங்க ஃபெக்டரில அப்படி நெனச்ச நேரம் விட முடியாதுங்க."

"பத்துச்சீட்டு கேட்டு வாங்கலாமே?"

"அப்படின்னா?"

"தோட்டத்த விட்டுப் போறப்போ தொரை குடுக்கிற சீட்டுங்க. இவரு போகலாம்னு."

"எங்க தொரை எழுத மாட்டாரு" என்று அவன் சிரித்தான். "இல்ல, வருவேன். அக்காவ அங்கயே இருக்கச் சொல்லுங்க. சாமிக்குச் சொன்னத சாமிக்கே குடுக்கச் சொல்லுங்க. நான் வந்துருவேன்."

"எப்பங்க?"

"வந்துருவேன்" என்று மறுபடியும் சிரித்தான். கேட்க எனக்கு இன்னும் ஆயிரம் இருந்தது. பொலிஸ் ஜீப் ஒன்று கடைக்கு வெளியே மெதுவாகப் போனது. வைத்துவிட்டேன்.

சிஸ்டர் கொடியடியில் காத்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் முகம் மலரும் என்று பார்த்தேன். "எப்படிச் சொன்னான்? கொரல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு" என்றேன். சிஸ்டர் கையிலிருந்த துணிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டார். "வர்றதா இருந்தா சண்ட போட்டிருப்பான்க்கா. என்னை ஏமாத்துறப்போதான் அவன் சிரிப்பான்" என்றார்.

அந்த மாதமே அவர் மதரிடம் போய், மடத்தை விட்டுப் போவதாகச் சொல்லிவிட்டார். மதர் திட்டுவார் என்று குசினியில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். "ஓம், போறதெண்டா போங்கோ. ஆனா ஆண்டவரைக் கோவிச்சுக்கொண்டு போகவேண்டாம். அவர் ஒண்டும் உங்கட தம்பியைக் கூட்டிக்கொண்டு போகேல்ல" என்று மட்டும் சொன்னார். கண்டி ஸ்டேசனுக்கு நான்தான் வழியனுப்பப் போனேன். பாவாடை சட்டையில், தலையில் முக்காடு இல்லாமல், அவர் யாரோ போல் இருந்தார். வாசலில் நின்ற ஆமிக்காரன் என் பையைக் கிண்டிப் பார்த்தான், அவருடைய பெட்டியைத் தொடவில்லை. ரயில் நகரும்போது, "போயிட்டு வர்றேன்க்கா! மழைக்கு முன்னாடி துணிய எடுங்க!" என்று ஸ்டேசன் முழுக்கக் கேட்கும்படி தமிழில் கத்தினார். ஆமிக்காரன் சட்டென்று திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போது நான் பல்லேகலப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறேன். பஸ்ஸில் யாரும் பிள்ளையின் வாயைப் பொத்துவதில்லை. போன மாதம் பேத்தி ஓடி வந்து, "அம்மாச்சி, ஒங்களுக்கு வீடியோ கோல்! ஒரு சைனீஸ் அம்மா தமிழ் பேசுறாங்க" என்றாள். சிஸ்டர்தான், மடத்தில் விசாரித்து நம்பரைப் பிடித்திருக்கிறார். தலை நரைத்துவிட்டது. குரல் அப்படியே இருந்தது. ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்து, இரண்டாவது பையனுக்கு அப்பா பெயரின் வாலைப் பிடித்துப் பெயர் வைத்துவிட்டார். அதற்குப் பல வருடம் கழித்து அந்தப் படை அரசாங்கத்தோடு சண்டையை நிறுத்திக்கொண்டதாம். தம்பி மலையிலிருந்து இறங்கி வந்தான். நரைக்கிற வயதில் கல்யாணம், ஒரு ஆண் பிள்ளை. அவனுக்கும் தாத்தா பெயரின் வாலில் தொடங்கும் அதே பெயர்.

"வருவேன்னு அவன் சொன்னது பொய் இல்லக்கா. கொஞ்சம் லேட்டு" என்றார்.

அந்தப் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதும், பின்னால் ஒரு வளர்ந்த பையனும் ஒரு சின்னப் பையனும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இவர் அங்கியைக் கழற்றாமலே இருந்திருந்தாலும் அந்தப் பெயர் பிழைத்திருக்கும்.

"வருத்தமா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

 "ஞாயித்துக்கிழம கோயில் மணி அடிக்கிறப்போ மட்டும்" என்றார். பிறகு, "இன்னும் சிஸ்டர்னே சொல்றீங்களேக்கா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சனத்தின் பெயர், பெயர் வைக்கும் முறை, படையில் யார் துணி துவைக்கிறார்கள் என்பது வரை கேட்டவள், அவருடைய சொந்தப் பெயரை ஒரு நாளும் கேட்கவில்லை. மடத்தில் வைத்த பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும். கேட்டேன். அவருடைய பாட்டியின் பெயர் முடிகிற ஒலியில் தொடங்கும் ஒரு நீண்ட பெயரைச் சொன்னார். சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. மறுபடியும் சொன்னேன். பேத்தி கைகொட்டிச் சிரித்தாள், அந்தப் பக்கத்தில் இரண்டு பையன்களும் சிரித்தார்கள்.

"விடுங்கக்கா, சிஸ்டர்னே கூப்பிடுங்க" என்றார் அவர்.

நான் விடவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.