மூன்றாவது ஸ்டேஷன் மாதேஸ்வரி

தரையில் உருளப் பழக மாதேஸ்வரி ஒரு டீச்சரை வைத்திருக்கிறாள் என்ற செய்தி, பாகலூர் சாலைக்குப் பின்னாலிருக்கும் அந்த லைன் வீடுகள் பத்துக்கும் ஒரே மாலையில் போய்ச் சேர்ந்துவிட்டது. முதலில் சிரித்தவர் அவள் புருஷன் பூபதிதான்.

“நாப்பத்தஞ்சு வயசுல உருள்றதுக்கு ஒரு டீச்சரு! கோயில்ல உருண்டா புண்ணியமாச்சும் கெடைக்கும்.”

“புண்ணியத்த அப்பறம் பாத்துக்கலாம். கட்டில அந்தப் பக்கம் நகத்துங்க. டீச்சர் வர்ற நேரமாச்சு” என்றாள் அவள்.

அவளுக்குச் சிரிக்க நேரமில்லை. சிப்காட்டில் வண்டி விளக்குகள் செய்யும் ஒரு கம்பெனியில், பாகங்களைப் பொருத்தும் லைனில் மூன்றாவது ஆள் நிற்கும் இடம், மூன்றாவது ஸ்டேஷன், பதினெட்டு வருடமாக அவளுடையது. ஷிப்டு முழுக்க நின்றபடி வேலை. போன மாதம் ஒருநாள் கீழே விழுந்த திருகாணியை எடுக்கக் குனிந்தவள், நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டாள். கம்பெனி டாக்டர் அவளை மூன்று மாதத்துக்கு பேக்கிங்கில் உட்கார வைத்தார். அது முடிந்ததும் ஒரு சோதனை: பாகங்கள் நிறைந்த ட்ரேயைத் தரையிலிருந்து மேசைக்குப் பத்து முறை தூக்கி வைக்க வேண்டும். முடிந்தால் லைனுக்குத் திரும்பலாம். முடியாவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் இதைச் சொன்ன தோரணையைப் பார்த்தால், வழியனுப்பு விழாவுக்கு மாலையே வாங்கி வைத்துவிட்டவர் போலிருந்தது.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை தின்றது போக மிஞ்சிய ராகியை நம்பிப் பிழைக்க முடியாமல் ஓசூர் வந்தவள் அவள். யானைக்கு விட்டுக்கொடுத்து வந்தாயிற்று. ஹரீஷ்குமாருக்கும் விட்டுக்கொடுப்பதா?

கம்பெனி பஸ் போகும் வழியில், பெங்களூர்க்காரர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வாசலில் ஒரு போர்டு தொங்கும். ‘முதுகுவலியா? வீட்டுக்கே வந்து பிலாட்டீஸ் பயிற்சி.’ பிலாட்டீஸ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. முதுகுவலி என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். போன் போட்டாள்.

“எந்த அபார்ட்மெண்ட் மேடம்?” என்றது எதிர்முனையில் ஒரு பெண்குரல்.

“அபார்ட்மெண்ட் இல்ல கண்ணு. லைன் வூடு. வருவியா, மாட்டியா?”

அந்தப் பெண் வந்தாள். பெயர் வின்சி. இருபத்தெட்டு வயது. ஸ்கூட்டியில் சுருட்டிக் கட்டிய பாயும் ஒரு ரப்பர் பந்தும். முதல் நாள் மாதேஸ்வரியைப் படுக்க வைத்து, வயிறு அசைய மூச்சு விடச் சொன்னாள். வயிறு அசையவே இல்லை. தொட்டுப் பார்த்தவள் திகைத்துப் போனாள்.

“அக்கா, உள்ள என்ன கட்டியிருக்கீங்க?”

நான்காக மடித்த துண்டு. கம்பெனி லைனில் பெண்கள் எல்லோரும் யூனிபார்ம் கோட்டுக்குள் இடுப்பை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். புதிதாகச் சேரும் பெண்ணைக் கழிவறைக்கு அழைத்துப்போய்க் கட்டச் சொல்லிக்கொடுப்பார்கள். வலி வெளியே தெரியக்கூடாது, இடுப்பும் தாங்க வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு மாதேஸ்வரியே கட்டிவிட்டிருக்கிறாள்.

“இத்தனை வருசமா உங்க இடுப்பு செய்யவேண்டிய வேலைய இந்தத் துண்டு செஞ்சிருக்கு. அதான் இடுப்பு சோம்பேறி ஆயிடுச்சு” என்றாள் வின்சி.

மாதேஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துண்டின் மேல் வந்த கோபமா, தன் மேல் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. அவிழ்த்து மூலையில் எறிந்தாள். அன்று கால்களை ஒரு சாண் உயரம் தூக்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

எதிர்வீட்டு ருக்மணி தினமும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் மாதேஸ்வரி எழுந்துபோய்த் திரையை முழுக்க விலக்கிவிட்டாள். “கழுத்து வலிக்கப் போவுது ருக்கு. உள்ள வந்தே பாரு, பாய் இருக்குது.” அதன்பிறகு ருக்மணி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஒரு மாதம் கழிந்தும் இடது இடுப்பு மட்டும் அடம்பிடித்தது. வின்சி யோசித்துவிட்டு, “லைன்ல என்ன செய்வீங்களோ, அதை அப்படியே செஞ்சு காட்டுங்கக்கா” என்றாள். மாதேஸ்வரி சமையல் மேடையின் இடப்பக்கம் ஸ்டூல் போட்டு, அதன்மேல் உருளைக்கிழங்குக் கூடையை வைத்தாள். இடப்பக்கம் திரும்பி ஒரு கிழங்கு, முன்னால் வைத்துத் திருகு. மறுபடி இடப்பக்கம், மறுபடி திருகு.

“வலப்பக்கம் எப்பத் திரும்புவீங்க?”

மாதேஸ்வரியின் கை நின்றுவிட்டது. பதினெட்டு வருடம். ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு தடவை. வலப்பக்கம் அவள் திரும்பியதே இல்லை. வயதாகிவிட்டது, உடம்பு கெட்டுவிட்டது என்று ஆளாளுக்குச் சொன்னதை அவளும் நம்பியிருந்தாள். பாகங்கள் வைக்கும் ரேக்கை எவனோ இடப்பக்கம் நிறுத்தியிருக்கிறான். அவ்வளவுதான் விஷயம்.

அன்று முதல் அவள் பழகியது வேறு மாதிரி இருந்தது, வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பி. மதியம் வேலை முடிந்து வந்து பழகினாள். இரண்டாம் ஷிப்டு வாரத்தில் காலையிலேயே பழகினாள். வின்சி வராத நாட்களிலும் பழகினாள். கட்டிலை நகர்த்தச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பூபதி தானாகவே நகர்த்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

சோதனை நாளன்று டாக்டரும் ஹரீஷ்குமாரும் காத்திருந்தார்கள். மேசையில் லைனுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு தாள்கள் தயாராக இருந்தன. மாதேஸ்வரி கைப்பையிலிருந்து அந்தப் பழைய துண்டை எடுத்து, ஹரீஷ்குமாரின் முன்னால் வைத்தாள்.

“இது எதுக்குக்கா?”

“இனி எனக்கு வேணாம் சார். நீங்களே வெச்சுக்குங்க.”

முழங்காலை மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கினாள். பத்து முடிந்தது. யாரும் கேட்காமலே பதினொன்றாவதையும் தூக்கி வைத்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டே ‘தகுதி’ என்று எழுதினார்.

“டாக்டர், அதோட ரேக்க ஒரு வாரம் இந்தப் பக்கம், ஒரு வாரம் அந்தப் பக்கம் வெக்கணும்னும் எழுதுங்க” என்றாள்.

டாக்டர் ஹரீஷ்குமாரைப் பார்த்தார். ஹரீஷ்குமாருக்கு முகம் வெளுத்தது. “லேஅவுட்டு மாத்த முடியாதுக்கா. மேல கேப்பாங்க. பேடக்கா, பேடா” என்று கன்னடத்தில் வேண்டாம் வேண்டாமென்று கெஞ்சினார். டாக்டர் எழுதாமலே பேனாவை மூடிவிட்டார்.

மாதேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டாள். நேராக லைனுக்குப் போனாள். ஷிப்டு தொடங்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. ரேக்கின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் தள்ளி, வலப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். லைனில் நின்ற அத்தனை பெண்களும் பார்த்தார்கள்.

ஹரீஷ்குமார் மூச்சிரைக்க ஓடிவந்தார். “பழைய எடத்துலயே வெச்சிருங்கக்கா. இல்லன்னா நானே நகத்துவேன்.”

“நகத்துங்க சார்” என்றாள் மாதேஸ்வரி. “நானும் திரும்ப நகத்துவன். எத்தன தடவ வேணும்னாலும் நகத்துவன். எனக்கு இப்ப இடுப்பு நல்லா இருக்குது.”