இடது பக்கத்துப் பால்

பிள்ளை மேல் சத்தியம் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. செய்யாமலே சொல்கிறேன், இது நடந்தது. அந்த ஆடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. பதினெட்டு நொடி. அழிக்க மனம் வரவில்லை, மறுபடி கேட்கத் துணிச்சலும் இல்லை.

அப்போது என் மகனுக்கு நாற்பத்தொரு நாள். எடை ஏறவே இல்லை. "திங்கட்கிழமையும் இப்படியே இருந்தா அட்மிட் பண்ணிடலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவருக்கு பிஸ்கட் கம்பெனியில் இரவு ஷிஃப்ட். வீட்டில் நானும் அவனும்தான். எனக்குத் துணை, போனில் இருந்த அம்மாக்கள் குழு. ஒருத்தி முகத்தையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எத்தனை மணிக்கு "யாராவது முழிச்சிருக்கீங்களா?" என்று போட்டாலும் நாலு பேர் ஓடி வருவார்கள். சொந்தபந்தம்கூட அப்படி வராது.

அதில் நர்ஸக்கா என்று ஒருவர். பச்சைக் குழந்தைகள் வார்டில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். குழந்தையின் அழுகையைப் பதிவு செய்து அனுப்பினால் போதும், பசியா, வயிற்று வலியா, தூக்கமா என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான்.

அந்த வாரம் குழுவில் இன்னொன்றும் கேட்டிருந்தேன். மகன் வலது பக்கம் மட்டும்தான் குடிப்பான். இடது கைக்கு மாற்றப் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான், அந்தக் கைக்கு வரவே மாட்டான். அப்படியென்றால் இடது பக்கம் பால் கட்டிக்கொண்டு வலிக்க வேண்டுமே? வலிக்கவே இல்லை. காலையில் பார்த்தால் காலியாக இருக்கும். "உனக்கு மச்சம்டி" என்று கிண்டல் செய்தாள் தூங்குமூஞ்சி. தூக்கமே இல்லாமல் புலம்புகிற ஒருத்திக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

சனிக்கிழமை இரவு. 2.47. மகன் வீறிட்டு அழுதான். பால் கொடுத்தேன்... குடிக்கவில்லை. தோளில் போட்டுத் தட்டினேன்... நிறுத்தவில்லை. அழுகையைப் பதிவு செய்து அனுப்பினேன்.

2.51. நர்ஸக்கா பதில் போட்டார்.

"பெரியவன் பசிக்கு அழறான்மா. முதல்ல அந்தச் சின்னதைத் தூக்கு."

"எந்தச் சின்னது அக்கா?"

"குரல் மெலிசா கேக்குதே, அது."

"எனக்கு ஒரே பையன்க்கா."

டைப் செய்வது தெரிந்தது... நின்றது... மறுபடி தெரிந்தது.

2.55. "இதுல ரெண்டு குழந்தை அழுகுது."

தூங்குமூஞ்சியும் போட்டாள். "எனக்கும் ரெண்டு கேக்குது. விளையாடாதடி."

போனைக் காதில் வைத்தேன். என் மகன் மூச்சு வாங்க நிறுத்துகிறான்...

அழுகை நிற்கவில்லை.

மெலிசான குரல். மிகப் பக்கத்தில்.

2.58. மகன் சட்டென்று அடங்கினான்.

அறையில் சத்தமே இல்லை.

என் நைட்டி நனைந்தது... இடது பக்கம் மட்டும்.

"போனை வைக்காத. நாங்க இருக்கோம்" என்றார்கள். விடிகிற வரை ஆறு பேர் மாற்றி மாற்றிப் பேசினார்கள். அவர்கள் இல்லையென்றால் அன்றைக்கு எனக்குப் புத்தி பேதலித்திருக்கும்.

7.20க்குக் கணவர் வந்தார். தூக்கம் கெட்டுப்போய் உளறுகிறாய் என்று திட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஆடியோவைக் கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணாம் மாசம் உனக்கு ரத்தம் போச்சே... நீ மயக்கத்துல இருந்தே. ஸ்கேன்ல ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு தங்கலை. நீ தாங்கமாட்டேன்னு... சொல்லலை."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

குழுவில் எழுதினேன். ஒருத்திகூட என்னைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து நர்ஸக்கா எழுதினார்.

"மறுபடி கேட்டேன்மா. சின்னது பசிக்கு அழலை. தூக்கச் சொல்லி அழுகுது."

அன்று இரவு. 2.47. மகனை வலது கையில் வைத்துக்கொண்டேன். இடது கையை மடக்கி... வெறுமனே... வைத்திருந்தேன்.

மகன் வயிறு முட்டக் குடித்தான்.

திங்கட்கிழமை எடை ஏறியிருந்தது. அட்மிட் பண்ண வேண்டாம் என்றார் டாக்டர். அப்புறம் என் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கை மடிப்பில் வட்டமாகச் சிவந்திருந்தது, குழந்தையின் தலை அழுந்தினால் சிவக்குமே, அந்த இடத்தில்.

"எப்பவும் இந்தக் கையிலயே படுக்க வைக்காதீங்க. மாத்தி மாத்தி வைங்க."

என் மகனை நான் அந்தக் கையில் ஏந்தியதே இல்லை.