தலை நீளம்: ஊர்காவற்றுறை

எங்கள் ஒஸ்லோத் தமிழ்ச் சங்க மலரில் வேலை அனுபவம் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் எழுதுவார்கள், கிளீனிங்குக்கும் ஒரு ஆள் எழுதத்தானே வேண்டும். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

1. மொப் கொண்டு வரவேண்டாம்

ஒரு திங்கட்கிழமை காலையில் பொஸ் ரெலிபோன் எடுத்து, பத்து மணிக்கு நானும் பிலோமினாக்காவும் மேல்மாடி ஒபிசுக்கு வரவேண்டும், மொப் கொண்டு வரவேண்டாம் என்றார். கிளீனிங் வேலையில் மொப் இல்லாமல் கூப்பிட்டால் ஒன்றில் கேக் வெட்டுகிறார்கள், இல்லாவிட்டால் வேலை போகிறது. பொஸ்ஸின் குரலில் கேக் இருக்கவில்லை.

பிலோமினாக்கா வேலையில் எனக்கு மேலே நிற்கிறவ. எங்கள் கொம்பனியில் பதினைந்து வருசம். அதோடு கலியாணமும் பேசிக் கொடுப்பா. ஒஸ்லோவில் உள்ள முக்கால்வாசித் தமிழ்ப் பிள்ளைகளின் உயரமும் நிறமும் அவவுக்கு மனப்பாடம். பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நிற்கும்போது பெடியன்மாரை அவ பார்க்கிற பார்வையில், தச்சன் மரத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு கணக்கு இருக்கும்.

அந்த நேரம் எனக்கும் மோர்டென்ஸ்ருட்டில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தா. பெடியன் பஸ் ஓட்டுகிறவன். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னுடைய தங்கச்சி அனிற்றா செத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்குச் சின்னனிலிருந்தே வலிப்பு. குளியலறையில் வைத்து வந்தது, நான் வேலையில் நின்றேன். இப்போதும் அம்மருட்டில் உள்ள எங்கள் வீட்டில் குளியலறைக் கதவைத் தட்டி, உள்ளே நிற்கிறியோ என்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன். பழக்கம்.

2. சாம்பல் நிறப் பெட்டி

நாங்கள் துடைத்துக்கொண்டிருந்தது ஒரு பழைய மருத்துவக் கட்டடம். அதன் கீழ்த்தளத்தில் அலுமாரி அலுமாரியாகப் பழைய கடதாசிகள் இருந்தன. அவற்றை எல்லாம் சாம்பல் நிறப் பெட்டிகளில் அடுக்கி, இலக்கம் ஒட்டி, வேறு இடத்துக்கு அனுப்புகிற வேலை நடந்தது. அதற்குப் பொறுப்பாக இங்கெர் என்று ஒரு நோர்வேக்காரப் பெண் இருந்தா. பெட்டிகளைத் தூசி தட்டுவதும், எறிகிற கடதாசிகளை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதும் எங்களுடைய வேலை.

எறியச் சொன்னவற்றுக்குள் எழுதாத படிவக் கட்டுகள் இரண்டு கிடந்தன. தடித்த நல்ல தாள். பிலோமினாக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தா. நான் வாசித்துச் சொன்னேன்: பெயர், பிறந்த இடம், தாய் தகப்பன், உயரம், கண், மயிர், மூக்கு, சகோதரங்கள், குடும்பத்தில் வருத்தம், படம் ஒட்ட முன்பக்கத்துக்கு ஒரு கட்டம், பக்கவாட்டுக்கு ஒரு கட்டம், இடையில் எனக்கும் விளங்காத சில சுருக்கச் சொற்கள்.

"இஞ்சை பார் றெஜினா, வெள்ளைக்காரரும் பாத்துத்தான் கலியாணம் கட்டியிருக்கிறாங்கள். மூக்குக்கும் ஒரு கட்டம் விட்டிருக்கிறாங்கள். எங்கடை சனம் வாயாலை கேக்க வெக்கப்படுறதை எல்லாம் இவங்கள் அச்சடிச்சே வைச்சிருக்கிறாங்கள்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். வேறு எதற்கு ஒருவரின் மூக்கை எழுதிவைக்க வேண்டும்?

இரண்டு கட்டையும் அக்கா பத்திரப்படுத்தினா. அதுவரைக்கும் அவவின் கலியாணக் குறிப்புகள் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருந்தன. எல்லாவற்றையும் இடைவேளைகளில் குந்தியிருந்து புதுப் படிவத்தில் தமிழில் ஏற்றினா. விளங்காத நோர்வேச் சொல் வந்த இடங்களில் தனக்குத் தேவையானதை எழுதினா. வீட்டில் வைத்தால் மனுசன் ஏசுவார் என்று, மிச்சமாகக் கிடந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் போட்டு அலுமாரிக் கரையில் வைத்தா. அதே நிறம், அதே அளவு. வெள்ளிக்கிழமை வந்த ஆட்கள் அதற்கும் ஒரு இலக்கம் ஒட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒஸ்லோத் தமிழரின் கலியாணம் எல்லாம் அரசாங்க ஆவணக் களஞ்சியத்தில் இருந்தது.

3. மேல்மாடி ஒபிஸ்

களஞ்சியத்திலிருந்து திரும்பி வந்த அந்தப் பெட்டி மேசையில் திறந்தபடி இருந்தது. பொஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கெருக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. இந்தப் படிவத்தில் யார் தமிழ் ஆட்களை அளக்கிறார்கள், எதற்காக அளக்கிறார்கள் என்று கேட்டா. முதலில் எனக்கு அது கோபம் என்றுதான் பட்டது. பயம் என்று பிறகுதான் விளங்கினது.

அக்காவின் நோர்வே மொழி பால் வாங்கவும் பஸ் ஏறவும் காணும், அதுக்கு மேல் இல்லை. நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். இங்கெர் ஒவ்வொன்றாக எடுத்தா.

"தலை நீளம் எண்ட இடத்திலை என்ன எழுதியிருக்கு?"

"ஊர்காவற்றுறை" என்றேன்.

"அது எந்த அளவு?"

"அளவில்லை, ஊர். அவன்ரை அப்பாவின்ரை ஊர்."

"தலை அகலத்திலை 'B' எண்டு கிடக்கு."

"அது கார் லைசன்ஸின்ரை வகுப்பு."

பொஸ் இருமினார். அடுத்த தாளில் ஒரு சாதகக் கட்டம் பின் குத்தியிருந்தது. பன்னிரண்டு பெட்டிக்குள்ளும் எழுத்துகள். இங்கெர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது மண்டையின் எந்தப் பக்கம் என்று கேட்டா. வானம் என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

கடைசியில், இது கலியாணம் பேசுகிற குறிப்பு, வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லி முடித்தேன். இங்கெர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. பிறகு அந்தத் தாள்களின் கதையைச் சொன்னா.

அந்தக் காலத்தில் இந்த நாட்டுப் படித்த மனிதர்கள், டொக்டர்மார், நாடு முழுக்கப் போய் ஆட்களின் தலையை அளந்தார்களாம். எந்தச் சனம் உயர்ந்தது, எது குறைந்தது என்று பிரிக்கத்தான் அந்த அளவு. வடக்கே இருக்கிற சாமி என்ற பழங்குடி மக்களை அளந்தார்கள். அவர்களின் மண்டையோடுகளைப் புதைகுழியிலிருந்து கிண்டியும் எடுத்தார்கள். நல்ல குடும்பம் பெருகவேண்டும், கூடாத குடும்பம் பெருகக்கூடாது என்று அதற்கு ஒரு படிப்பே இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சட்டமும் வந்தது. ஊர் ஊராகத் திரிகிற ஆட்கள், மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள், இப்படிக் கனபேருக்குப் பிள்ளை பிறக்காமல் வெட்டிவிட்டார்கள். சிலருக்கு என்ன செய்தார்கள் என்றே சொல்லவில்லை. அவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இப்போது நட்டஈடு கேட்டு, தங்களுடைய கடதாசியைத் தேடி வருகிறார்கள். அதனால்தான் ஒரு பெட்டியும் மாறக்கூடாது.

நான் இதைத் துண்டு துண்டாக அக்காவுக்குச் சொன்னேன். அக்கா சிலுவை போட்டா. ஆனால் விடவில்லை.

"அவவுக்குச் சொல்லு, அவங்கள் நாட்டுக்கே பாத்தவங்கள். நான் ரெண்டு மாதா கோயில் பங்குக்கும் ஒரு சைவக் கோயிலுக்கும்தானை பாக்கிறன். நான் ஆரையும் வெட்டேல்லை. சேத்துத்தான் வைக்கிறன்."

சொன்னேன். இங்கெர் சிரித்துவிட்டா. பொஸ்ஸுக்கும் மூச்சு வந்தது. வேலை போகாது என்று எனக்கு விளங்கினது.

அந்த நேரம் இங்கெர் ஒரு தாளை எடுத்து, இது நீதானே, இதைப் படித்துச் சொல்லு, இனிப் பயமில்லை என்று என் பக்கம் தள்ளினா. சங்கக் கூட்டத்தில் எடுத்த என்னுடைய படம். நான் சந்தோசமாக வாசிக்கத் தொடங்கினேன். உயரம் ஐந்தடி மூன்று. நிறம் பொது நிறம். அது பொய், நான் கறுப்பு, பரவாயில்லை. மூக்கு அளவானது. சகோதரங்கள்: ஒருவரும் இல்லை. குடும்பத்தில் வருத்தம்: இல்லை.

நான் திரும்பவும் சகோதரங்கள் என்ற வரியை வாசித்தேன். பிறகு தமிழில்தான் வாய் வந்தது.

"அக்கா, அனிற்றா எங்கை?"

அக்கா யன்னலைப் பார்த்தா. "பிள்ளை, வலிப்பெண்டு எழுதினா ஆர் வருவினம்? உனக்கும் இருக்கும், பிறக்கிறதுக்கும் வருமெண்டுதானை கேப்பினம். செத்த பிள்ளை தானை எண்டு..."

"இருபது வருசம் என்னோடை ஒரே கட்டிலிலை படுத்தவள்."

"கொம்மாதான் எழுதவேண்டாமெண்டவ."

இங்கெருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன என்று கேட்டா. சொன்னேன். அவ எழும்பிப் போய் இன்னொரு பெட்டியிலிருந்து ஒரு அட்டையைக் கொண்டுவந்தா. பெயரை உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் காட்டினா. என் வயதுப் பெட்டை ஒருத்தி, முன்பக்கப் படமும் பக்கவாட்டுப் படமும். குடும்பத்தில் வருத்தம் என்ற வரியில் வலிப்பு என்று எழுதியிருந்தது, அவளுக்கில்லை, அவளின் தமையனுக்கு. அதன் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

ஒஸ்லோவில் என்னுடைய அம்மா யாருக்குப் பயந்து அனிற்றாவை அழித்தா என்று அப்போதுதான் யோசித்தேன். மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிற பஸ்காரப் பெடியனின் தாய்க்கு. டொக்டரும் இல்லை, சட்டமும் இல்லை. ஒரு மனுசி.

4. குசினி மேசை

அன்று வேலை முடிந்து அந்தத் தாளோடு வீட்டுக்குப் போனேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. தாளை மேசையில் வைத்துப் பேனையையும் வைத்தேன். சண்டை பிடிக்கத்தான் வந்தேன், வாற வழியில் ரயிலில் எல்லாம் பாடமாக்கியிருந்தேன்.

"நீயெண்டாலும் ஒரு இடத்திலை போய் இருக்கவேணுமெண்டுதான்" என்றா அம்மா, நான் கேட்காமலே.

பிறகு நான் 'ஒருவரும் இல்லை' என்பதை வெட்டி, தங்கை ஒருவர், அனிற்றா, காலமாகிவிட்டார், வலிப்பு என்று எழுதினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தா. இனி அழுவா என்று நினைத்தேன்.

"உயரம் எழுதேல்லை."

"அவளுக்கு ஏனம்மா உயரம்?"

"உன்னைவிட ஒரு இஞ்சு கூட. எழுது. நிறமும் எழுது, அவள் வெள்ளை. மூக்கும் உன்ரை மாதிரி இல்லை."

எழுதினேன். செத்த பிறகும் அவள் என்னைவிட நல்ல குறிப்பாக வந்தாள்.

அந்த வாரமே மோர்டென்ஸ்ருட் அம்மா ரெலிபோன் எடுத்தா. நானே கதைத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவ "பாப்பம் பிள்ளை" என்று ரெலிபோனை வைத்துவிட்டா. பாப்பம் என்றால் எங்களுடைய ஆட்களிடம் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்று முழுக்க நான் அழவில்லை. அடுத்த நாள் பால் முடிந்துபோனதுக்கு அழுதேன்.

இங்கெர் மற்றக் குறிப்புகளையும் திருப்பித் தந்தா, எழுதாமல் மிச்சமிருந்த படிவங்களை மட்டும் தரவில்லை. அக்கா குறொன்லாண்ட் கடையொன்றில் ஒரு கோடு போட்ட கொப்பி வாங்கினா. மூக்குக்கு இடமில்லை என்று கவலைப்பட்டா. ஆனால் எனக்காக ரெலிபோன் எடுக்கும்போது இப்போது முதல் வசனமே இதுதான்:

"பிள்ளைக்கு ஒரு தங்கச்சி இருந்தவ, வலிப்பிலை செத்துப்போனவ. கேக்கிறதெண்டா மிச்சத்தைச் சொல்லுறன், இல்லாட்டி ரெலிபோனை வையுங்கோ, எனக்கு ரெண்டு மாடி துடைக்கக் கிடக்கு."

இதுவரைக்கும் நான்கு வீடு வைத்துவிட்டது. ஐந்தாவது வீடு என்னுடைய உயரத்தைக் கேட்டிருக்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வாற தங்கச்சிமாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வேலை இடத்துப் பெட்டிக்குள் உங்களுடைய சாமானை வைக்காதேயுங்கோ. உங்களைப் பற்றி யாராவது ஒரு தாள் நிரப்பினால், எவ்வளவு அன்பான ஆளாக இருந்தாலும், வாங்கி ஒருக்கால் வாசியுங்கோ. அதில் யார் இல்லை என்று பாருங்கோ.