பொன்னாடை போர்த்த ஒரு பெண் தேவை

போன ஞாயிறு ரொறன்ரோவில், ஒரு பல்கலைக்கழக மண்டபத்தில் கருத்தரங்கு. தமிழ்ச் சங்கம் ஒன்றின் ஏற்பாடு. தலைப்பு — ‘பல்கலைக்கழக வகுப்பறையில் ஆண் பெண் சமத்துவம்’.

மேடையில் தலைவர், செயலாளர், பொருளாளர், காப்பாளர், முன்னாள் காப்பாளர்... எல்லாரும் ஆண்கள். ஓரத்துக் கதிரையில் பேச்சாளர் சுகன்யா. அதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பிப்பவர்.

பொறியியல் லாபில் வழக்கமாகப் பையன்கள்தான் மெஷினை இயக்குகிறார்கள். பெண்பிள்ளைகள் பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கிறார்கள். தன் வகுப்பில் இதை எப்படி மாற்றினார் என்று சொல்லத்தான் வந்திருந்தார். ஸ்லைட்ஸ் எல்லாம் தயார். மண்டபமோ ஐந்து மணி வரைக்கும்தான்.

நாலரை தாண்டியும் வாழ்த்துரைகள் முடியவில்லை. ‘பெண்கள் பேச வேண்டும்’ என்று ஒவ்வொருவரும் நீளமாகப் பேசினார்கள். சுகன்யா நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவமாக இருந்தது.

ஒருவழியாக அவர் எழும்பினார். தலைவர் பாய்ந்து மைக்கைப் பிடித்தார்.

“பொறுங்கோ பிள்ளை, பொன்னாடை போர்த்தவேணும்.”

சரி, யார் போர்த்துவது? பெண்ணுக்கு ஆண் போர்த்தலாமா? மேடையில் ஒரே குசுகுசு. செயலாளர் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடியே நின்றார் — கிட்டப் போகவும் பயம், மடிக்கவும் மனமில்லை.

“ஆரும் ஒரு பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!”

எங்கே போவது? சங்கத்துப் பெண்கள் எல்லாரும் பின்னால் தேநீருக்கு றோல்ஸ் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்! கூட்டிவர ஓடிப்போன பொருளாளர் தனியே திரும்பி வந்தார்.

“எல்லாற்ற கையும் எண்ணெயாம், அண்ணை.”

கடைசியில் முன்வரிசையில் இருந்த நான் அகப்பட்டேன். “அக்கா, ஒருக்கா மேல வாங்கோ.”

எனக்குக் கோபத்தில் விசர் பிடித்தது. ஆனாலும் போனேன், போர்த்தினேன். போட்டோக்காரர் விடுவாரா?

“காப்பாளர் மறைச்சுப்போட்டார். இன்னொருக்கா போர்த்துங்கோ.”

கழற்றி மறுபடியும் போர்த்தினேன். அதற்குள் கதவில் காவலாளி வந்து நின்றார். மண்டபத்தைப் பூட்ட வேண்டுமாம்.

சுகன்யா லப்டொப்பை மூடிவிட்டு மைக்குக்கு வந்தார்.

“லாபிலை என்ன நடக்குது எண்டு சொல்ல வந்தனான். இனித் தேவையில்லை. இவ்வளவு நேரமும் எல்லாரும் சேர்ந்து செய்தே காட்டிப்போட்டியள். நன்றி.”

பின்னால் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். நானும் கை நோகத் தட்டினேன். அப்பாடா, மேடையில் இருந்தவர்களுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

தலைவர் நெகிழ்ந்துபோய்க் கைகூப்பினார்.

“அருமை, பிள்ளை! அடுத்த வருசமும் நீங்கள்தான் பேசவேணும். உங்களை மாதிரிச் சுருக்கமாப் பேச இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது.”